முன்கட்டு இந்தியா, பின்கட்டு இலங்கை

எழுபத்து நான்காம் ஆண்டு தை மாதம் இருபதாம் தேதி காலை பத்து மணிக்கு எங்கள் வீட்டில் இருந்தவர்கள் வருமாறு: இரு நாட்டு வாழ்க்கைத் தர ஒப்பீட்டுக் குழுவின் தலைவர் திரு. இராஜாங்கம், அக்குழுவின் புள்ளிவிவர அலுவலர் திரு. பஞ்சநதம், பொதுமக்கள் பிரதிநிதியாகக் குழுவில் சேர்க்கப்பட்டிருந்த மிராசுதார் சாரங்கபாணி, ஆளுங்கட்சியின் கிளைச் செயலாளர் நாகநாதன், படம் பிடிக்க வந்த ஒருவர், பெயர் கேட்டேன், சொல்லவில்லை, என் மனைவி சவரியம்மாள், என் தம்பி அந்தோணிமுத்து, அவன் மனைவி அருள்செல்வி, பெரியநாயகசாமி ஆகிய நான். கோழிகள் மூன்று.

கோழிகளைச் சேர்த்ததற்குக் காரணம் உண்டு, பின்னால் வரும். பிற்பாடு அச்சாகி வந்த அறிக்கையில், அன்று வராத இரண்டு பெரிய மனிதர்கள் வந்ததாக இருக்கிறது. வந்திருந்த என் தம்பியின் பெயர் இல்லை. ஆகவே முதலில் அதைச் சரிசெய்துவிட்டேன்.

எங்கள் வீடு மிராசுதார் சாரங்கபாணியின் நிலத்தில் இருந்தது. அவருடைய பாட்டனாரிடம் என் பாட்டனார் குத்தகைக்கு நிலம் எடுத்து, தண்ணீர் நிற்கும் பள்ளத்தை மண் அடித்து மேடாக்கிக் கட்டிய வீடு. முன்கட்டுக்கு ஓடு, பின்கட்டுக்குக் கீற்று, நடுவில் முற்றம். மூன்று தலைமுறையாக நாங்கள் குத்தகை நெல்லை ஒரு மரக்கால் குறைத்து அளந்ததில்லை. யார் வாசலிலும் கைகட்டி நின்றதும் இல்லை. குடியிருப்பவனுக்கே மனை சொந்தம் என்று சட்டம் வந்தபோது, ஊரில் எழுதிய பட்டாப் பட்டியலில் முதல் பெயர் என்னுடையது, இரண்டாவது பெயர் தம்பியுடையது. அந்த இடத்தில் அரிசி ஆலை கட்டுவதாக மிராசுதார் வரைபடம் போட்டு வைத்திருந்தார். பட்டா வந்தால் வீடு எங்களுக்கு, வராவிட்டால் அவருக்கு. விஷயம் அவ்வளவுதான்.

தம்பி இருபத்திரண்டு ஆண்டு கொழும்பில் ஒரு சைக்கிள் பட்டறையில் வேலை செய்தவன். தங்குவதற்கான அனுமதி முடிந்து எழுபத்திரண்டில் திருப்பி அனுப்பினார்கள். கப்பலில் ராமேசுவரம் வந்து இறங்கும்போது ஒரு சுவர்க் கடிகாரம், ஒரு ரேடியோ, மடக்கு நாற்காலி இரண்டு, பீங்கான் கோப்பை ஆறு கொண்டுவந்தான். இருபத்திரண்டு ஆண்டுக்கு அவ்வளவு. அவனுக்குப் பின்கட்டைக் கொடுத்தேன். இரண்டு குடும்பத்துக்கும் இரண்டு அடுப்பு.

ஆனால் எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. விருந்தாளி வாசலில் செருப்பைக் கழற்றும்போதே பின்கட்டில் உள்ள நல்ல சாமான் எல்லாம் முன்கட்டுக்கு வந்துவிடும். பங்குச் சாமியார் வீடு மந்திரிக்க வந்தாலும், பெண் பார்க்க வந்தாலும் அப்படித்தான். எந்த அடுப்புக்குச் சொந்தம் என்று கேட்பதில்லை. விருந்தாளி போனதும் தானாகத் திரும்பிப் போய்விடும். எங்கள் தகப்பனார் காலத்தில் சித்தப்பாவின் ஜமுக்காளம் இப்படியே நாற்பது வருஷம் போய் வந்தது.

குழு வருவதற்கு முந்தின நாள் நாகநாதன் வந்தார். இவரைப் பற்றி ஒரு வார்த்தை. அறுவடைக் கூலிப் போராட்டத்தின்போது போலீஸ் தேடிய பதினொரு நாளும் இவர் எங்கள் பின்கட்டில்தான் ஒளிந்திருந்தார். அப்போது அந்தப் பக்கம் காலியாக இருந்தது. சவரியம்மாள் வைக்கோல் கட்டுக்குள் சோற்றுத் தூக்கை வைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தாள். பதினோராம் நாள் கிளம்பும்போது என் காலைத் தொட்டுக் கும்பிட்டார். நான் தடுத்தேன். இப்போது கரைவேட்டி, கையில் பை.

குழுவின் நோக்கத்தை அவர்தான் விளக்கினார். கடலுக்கு இந்தப் பக்கம் வாழ்வு சிறந்ததா, அந்தப் பக்கம் சிறந்ததா என்று ஆராய வேண்டும். அதற்கு இலங்கைக்குப் போய்வர மேலிடத்தில் கேட்டார்கள். அந்நியச் செலாவணி இல்லை என்று பதில் வந்துவிட்டது. ஆகவே இலங்கை இங்கே வரவேண்டும் என்று குழு தீர்மானித்தது. அங்கிருந்து வந்த குடும்பமும் இங்கேயே இருந்த குடும்பமும் ஒரே கூரையின் கீழ் இருக்கும் வீடு இந்தத் தாலுகாவில் எங்களுடையது ஒன்றுதானாம்.

"நாட்டோட மானம் உங்க வீட்டு முன்கட்டுல இருக்குங்கய்யா," என்றார் நாகநாதன். "கவுரவமா நடத்திக் குடுத்துடுங்க. பட்டா உங்க கைக்கு வந்துட்டதா வெச்சுக்குங்க. அது என் பொறுப்பு."

மானம் என்ற சொல்லை என்னிடம் யாரும் சும்மா சொல்லிவிட்டுப் போக முடியாது. அன்று மாலையே வீட்டுக்கு வெள்ளை அடித்தோம். காலையில் தம்பி, நான் சொல்லாமலே, கடிகாரத்தைக் கழற்றி முன்கட்டுச் சுவரில் மாட்டினான். மாதா படத்துக்குக் கீழே ரேடியோவை வைத்தான். நாற்காலிகளை விரித்தான். சவரியம்மாள் கோப்பைகளைக் கழுவினாள்.

குழு கோடியக்கரையிலிருந்து நேராக வந்தது. அங்கே இரண்டு நாள் கடற்கரையில் நின்று தொலைநோக்கியில் இலங்கையைப் பார்த்தார்களாம். இலங்கை தெரியவில்லை. பூநாரைகள் தெரிந்தன. "அந்தப் பக்கத்திலிருந்து இந்தப் பக்கம் வருபவை: சுமார் நானூறு. இங்கிருந்து அங்கே போனவை: இல்லை" என்று பஞ்சநதம் குறித்திருந்தார். பறவைக்குக்கூடத் தெரிந்திருக்கிறது என்று தலைவர் சொன்னார். பங்குனி முடிந்தால் பூநாரை திரும்பிப் போய்விடும் என்று சொல்ல வாயெடுத்தேன். விருந்தாளியைத் திருத்துவது முறையல்ல என்று விட்டுவிட்டேன்.

முதலில் எல்லை வகுத்தார்கள். பஞ்சநதம் சுண்ணாம்புத் தூள் கேட்டு வாங்கி முற்றத்தின் குறுக்கே கோடு போட்டார். முன்கட்டு இந்தியா, பின்கட்டு இலங்கை. கோட்டைப் போட்டுவிட்டு நிமிர்ந்தபோதுதான் கிணறு இலங்கையில் இருப்பது தெரிந்தது. குழு கலங்கிப்போயிற்று. மிராசுதார் சாரங்கபாணி எழுந்து வந்து, கோட்டை வலப்பக்கமாக ஒடித்துக் கிணற்றைச் சுற்றிக் கொண்டுபோய்த் திரும்பப் பழைய இடத்தில் சேர்க்கலாம் என்று யோசனை சொன்னார். வரப்பு விஷயத்தில் அவருக்கு நல்ல அனுபவம். கிணறு இந்தியாவுக்கு வந்தது. துவைகல் இலங்கையோடு நின்றது.

கோடு போட்டபின் தம்பி இந்தப் பக்கம் வரக்கூடாது என்றார்கள். விருந்தாளிக்குத் தண்ணீர் கொடுக்க அவன் சொம்போடு வந்தான்.

"நீங்க அங்கேயே இருங்க. தாண்டினா கணக்கு கெட்டுப்போயிடும்," என்றார் பஞ்சநதம்.

அவன் சொம்பைக் கோட்டருகே வைத்துவிட்டு அந்தப் பக்கமே உட்கார்ந்தான். சவரியம்மாள் எல்லோருக்கும் காப்பி கொடுத்தபின் ஒரு கோப்பையைக் கொழுந்தனுக்கு எடுத்துப்போனாள். பஞ்சநதம் கடிகாரத்தைப் பார்த்து நேரத்தைக் குறித்து, "அயல்நாட்டுக்கு உதவி: ஒரு முறை" என்று எழுதினார். எங்கள் கோழி முன்கட்டில் தவிடு தின்றுவிட்டுப் பின்கட்டில் போய் முட்டையிட்டது. தீவனம் எங்கே தின்றதோ அந்த நாட்டுக்கே முட்டை சேரும் என்று தலைவர் தீர்ப்புச் சொன்னார். அருள்செல்வி முட்டையைக் கொண்டுவந்து கோட்டுக்கு இந்தப் பக்கம் வைத்தாள்.

ரேடியோவைப் போட்டுப் பார்க்க வேண்டும் என்றார்கள். திருகினேன். அது தம்பி வைத்திருந்தபடி இலங்கை வானொலியைப் பிடித்தது. கணீரென்று பாட்டு. நாகநாதன் முகம் வெளுத்தது. தலைவர் மட்டும் அசையவில்லை. "பாடுவது அவர்களாக இருக்கலாம். கேட்கும் காது நம்முடையது. எழுதுங்கள், இருபது மதிப்பெண்," என்றார்.

பிறகு படிவத்தை எடுத்தார்கள். அப்போது கடிகாரம் பதினொன்று அடித்தது. தலைவர் அதை அண்ணாந்து பார்த்தார். ஊரில் வேறு வீட்டில் சுவர்க் கடிகாரம் கிடையாது.

"பெரியவரே, இந்தக் கடியாரம் உங்களுதுதானே?"

நான் தம்பியைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் வேறு பதில் வந்திருக்குமோ என்னவோ. அந்நியர் ஐந்து பேர் நடுவில், இது என்னுடையதல்ல, அவனுடையது என்று சொன்னால் வீடு இரண்டாகிவிட்டது என்று நானே தண்டோரா போட்டதாகும். என் தகப்பனார் அப்படி ஒரு வார்த்தை சொல்லிக் கேட்டதில்லை.

"இந்த வீட்ல இருக்கிறதெல்லாம் எங்களுதுதாங்க," என்றேன்.

"எங்களுதுன்னு படிவத்துல எடமில்லை. உங்களுதா?"

"என்னுதுதான்."

பஞ்சநதம் எழுதினார். ரேடியோ, நாற்காலி, கோப்பை என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். ஒவ்வொன்றையும் என்னுடையது என்றேன். முதல் பொய்தான் கஷ்டம் என்பார்கள். எனக்கு நான்கும் கஷ்டமாகத்தான் இருந்தது.

பிறகு கோட்டருகே போய்த் தம்பியிடம் கேட்டார். கடிகாரம் உண்டா?

தம்பி என்னைப் பார்த்தான். "இல்லைங்க."

ரேடியோ? இல்லை. நாற்காலி? இல்லை. இருபத்திரண்டு ஆண்டில் என்னதான் கொண்டுவந்தீர்கள் என்று கேட்டார் தலைவர். "ஒடம்பக் கொண்டாந்தேங்க," என்றான். அவன் பொருளை நான் காப்பாற்றவில்லை, என் சொல்லை அவன் காப்பாற்றினான். அருள்செல்வி உள்ளே போய்விட்டாள்.

அங்கே எப்படி இருந்தது என்று கேட்டபோது மட்டும் தம்பி உண்மையைச் சொன்னான். கூப்பனுக்கு அரிசி கொடுத்தார்கள், பாண் ரொட்டிக்கு வரிசையில் நின்றோம், நின்றால் கிடைத்துவிடும், பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் சும்மா, ஆனால் பொழுது விடிந்தால் நீ எப்போது போகிறாய் என்று கேட்பார்கள் என்றான். இங்கே எப்படி என்றார் தலைவர். "இங்கயும் அதத்தாங்க கேக்குறாங்க," என்று மிராசுதார் பக்கம் பார்த்துச் சொன்னான். இரண்டு பதிலுக்கும் படிவத்தில் கட்டம் இல்லை.

இந்தியா எண்பத்து மூன்று. இலங்கை பதினொன்று.

வாசலில் பந்தல் போட்டு ஊரைக் கூட்டியிருந்தார்கள். தலைவர் பேசிய பேச்சை நான் மறக்கவில்லை. மறக்கக்கூடிய பேச்சாகவும் இல்லை.

"கடலுக்கு அப்பால் அரிசிக்காக வரிசையில் நிற்கிறார்கள். இங்கே எங்காவது வரிசை உண்டா? கடையைத் திறந்தால்தானே வரிசை! திறக்காத கடையின் முன்னால் நிற்கும்படி இந்த அரசு எவரையும் வற்புறுத்தியதில்லை. ஆய்வின் முடிவை நான் புறப்படும் முன்பே எழுதிவிட்டேன். ஆனாலும் நேரில் வந்து பார்ப்பது நம் பண்பாடு. இதோ இந்தப் பெரியவரைப் பாருங்கள். மூன்று தலைமுறையாகச் சொந்த மனை இல்லை. இருந்தும் சுவரில் கடிகாரம், காதில் கானம், கையில் பீங்கான் கோப்பை. மனை இல்லாமலே மனிதன் இவ்வளவு உயர முடியும் என்றால், மனைதான் எதற்கு?"

எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். முதலில் தட்டி, கடைசியில் நிறுத்தியவர் மிராசுதார். எனக்கு மாலை போட்டுப் படம் எடுத்தார்கள். வண்டி கிளம்பி வாய்க்கால் மதகைத் தாண்டியதும் தம்பி கடிகாரத்தைக் கழற்றிப் பின்கட்டுக்குக் கொண்டுபோனான். அருள்செல்வி மூன்று நாள் என்னிடம் பேசவில்லை. நான் வாய் திறந்து ஒன்று சொல்லியிருக்கலாம். மூத்தவன் தம்பியிடம் மன்னிப்புக் கேட்கும் வழக்கம் எங்கள் வீட்டில் இல்லாமற்போயிற்று.

சித்திரையில் பட்டாப் பட்டியல் ஒட்டினார்கள். நாற்பத்தேழு பெயர். மேலிருந்து கீழும் கீழிருந்து மேலும் படித்தேன். எங்கள் இரண்டு பேர் பெயரும் இல்லை.

பஞ்சநதம் அப்போது ஆய்வின் பொருட்டுத் தாலுகா ஊரில் ஒரு அறை எடுத்து இருந்தார். பட்டாவுக்குத் தகுதி பார்த்தது அவருடைய குறிப்பை வைத்துத்தான் என்றார்கள். போய் நின்றேன். மரியாதையாக உட்காரச் சொல்லிக் கோப்பு ஒன்றைப் புரட்டினார். என் பெயருக்கு எதிரே "உயர்ந்த வாழ்க்கைத் தரம் உடையவர்; இலவச மனை தேவைப்படாதவர்" என்று இருந்தது. தம்பியின் பெயருக்கு எதிரே "இலங்கையில் வசிப்பவர்" என்று இருந்தது.

"அவன் என் வீட்டுப் பின்கட்டுலதான இருக்கான்?"

"அதைத்தாங்க எழுதியிருக்கோம்," என்றார்.

வீட்டுக்கு வந்து இரண்டு நாள் யோசித்தேன். மூன்றாம் நாள் வெள்ளைத் தாள் வாங்கி என் கையாலேயே மனு எழுதினேன். கடிகாரம், ரேடியோ, நாற்காலி, கோப்பை ஆகியவை என் தம்பி அந்தோணிமுத்துவுக்குச் சொந்தமானவை. நான் பெருமைக்காகப் பொய் சொன்னேன். இப்படிக்கு பெரியநாயகசாமி. எங்கள் குடும்பத்தில் பொய் சொன்னதாகக் கையெழுத்துப் போட்ட முதல் ஆள் நான். எழுதியதைத் தம்பிக்கு முன்னால் உரக்கப் படித்தேன். "வேணாம்ண்ணே," என்றான். "இருக்கட்டும்," என்றேன்.

பஞ்சநதம் மனுவைப் படித்துவிட்டு, வழக்கம்போலப் பென்சிலை எடுத்துக் கழித்தார், கூட்டினார். நிமிர்ந்தபோது அவருடைய முகத்தில் உண்மையான பயம் இருந்தது.

"பெரியவரே, இதுல என்ன செஞ்சிருக்கீங்க தெரியுமா? இந்தியா முப்பத்து நாலுக்கு வந்துடுது. இலங்கை அறுபதுக்குப் போயிடுது. உங்க வீட்டுக்கு ஒரு பட்டா கிடைக்கணும்னு நாடு தோக்கணுமா?"

மனுவை மடித்து என் கையிலேயே கொடுத்தார். வாங்காமல் நின்றேன். சட்டைப் பையில் வைத்துவிட்டார்.

நாகநாதன் கட்சி அலுவலகத்தில் இருந்தார். எதிரே மிராசுதாரின் ஆலை வரைபடம் விரித்துக் கிடந்தது, நான்கு மூலையிலும் டம்ளர் வைத்து. எழுந்து நின்று வணங்கினார். வணக்கத்தில் குறை சொல்ல முடியாது.

"உன் பொறுப்புன்னு சொன்னியே, நாகநாதா," என்றேன். அவரை நான் அப்படி அழைப்பதில்லை.

"கவுரவமா நடத்திக் குடுங்கன்னு சொன்னேங்கய்யா. நீங்களும் நடத்திக் குடுத்தீங்க. எம்பத்து மூணு. மாவட்டத்துலயே முதல் எடம். இதுக்கு மேல ஒரு மனுசனுக்கு என்ன கவுரவம் வேணும்?"

"பதினோரு நாளு சோறு..."

"அத நான் மறக்கலைங்கய்யா. அந்த ஆலைல கணக்குப் பாக்குற வேலை எனக்குப் பேசியிருக்காங்க. உங்க தம்பிக்கு மூட்டை தூக்க ஏதாவது கேட்டுப் பாக்குறேன்."

நான் திரும்பி வந்துவிட்டேன். வாசலில் கிடந்த செருப்பைப் போட மறந்து பாதி வழி வந்ததை வீட்டில் சொல்லவில்லை.

ஆனியில் வீட்டைப் பிரித்தார்கள். ஓட்டை நாங்களே இறக்கினோம். பிறர் இறக்க விடவில்லை. முற்றத்தில் சுண்ணாம்புக் கோடு மழைக்கு முந்திய மண்ணில் இன்னும் லேசாகத் தெரிந்தது, கிணற்றைச் சுற்றி வளைந்து. ஆலைக்கு இப்போது அந்தக் கிணற்றுத் தண்ணீர்தான்.

அறிக்கை புரட்டாசியில் வழவழப்பான தாளில் வந்தது. இரண்டு படம் போட்டிருக்கிறார்கள். ஒன்றில் நான் மாலையோடு கடிகாரத்தின் கீழே நிற்கிறேன். அடியில் "ஒரு சராசரி இந்தியக் குடும்பத் தலைவர்." இன்னொன்றில் அருள்செல்வி கீற்றுக் கொட்டகையில் குனிந்து அடுப்பு ஊதுகிறாள். அடியில் "இலங்கையில் ஒரு சமையலறை." அவள் பிறந்தது திருவிடைமருதூர். கடலையே இரண்டு முறைதான் பார்த்திருக்கிறாள். இலங்கைக்குப் போனதில்லை. தம்பி போயிருந்த இருபத்திரண்டு ஆண்டும் அவள் தாய்வீட்டில் இருந்தாள்.

ஊரில் இப்போது ஒரு பேச்சு நடக்கிறது. கடிகாரத்தை நான் எடுத்துக்கொண்டதாகவும், அதனால் அண்ணன் தம்பிக்குள் வெட்டுக் குத்து வரை போனதாகவும், அந்தோணிமுத்து வெறுத்துப்போய்க் கோடியக்கரையில் தோணி ஏறி இலங்கைக்கே போய்விட்டதாகவும் சொல்கிறார்கள். நாகநாதன் அதை மேடையிலும் சொன்னதாகக் கேள்வி.

இது தவறு. கடிகாரத்தை விற்று மூங்கிலும் கீற்றும் வாங்கினோம், விற்றவன் தம்பி. வெட்டுக் குத்து எதுவும் நடக்கவில்லை. அவன் எங்கேயும் போகவில்லை. வாய்க்கால் புறம்போக்கில், மதகுக்கு மேற்கே மூன்றாவது கொட்டகையில் இருக்கிறான். நானும் அதே கொட்டகையில்தான் இருக்கிறேன். முன்கட்டு பின்கட்டு இல்லை. அடுப்பு ஒன்று.